திண்டுக்கல் உடன்படிக்கை

திண்டுக்கல் உடன்படிக்கை என்பது ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர் மீது நிகழும் பாலின வன்முறையையும் சாதிவழி இழிவுபடுத்தலையும் தடுக்கும் நோக்குடன் 2022 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தங்களின் தொகுப்பாகும். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்னும் தொழிற்சங்கம், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்னும் ஏற்றுமதி நிறுவனத்துடனும், அந்நிறுவனத்திடம் ஆடை வாங்கும் பன்னாட்டு வணிக நிறுவனங்களுடனும் இதைச் செய்துகொண்டது. இவ்வகை ஒப்பந்தங்களில் ஆசியாவின் ஆடைத் தொழிலில் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது.

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல், பன்னாட்டுத் தொழிலாளர் உரிமை பற்றிய ஆய்வுகளில் அண்மைக் காலமாக இடம்பெறுவதற்கு இந்த உடன்படிக்கையே காரணம். ஓர் இளம்பெண்ணின் கொலையைத் தொடர்ந்து எழுந்த கோரிக்கை ஏறத்தாழ 15 மாதங்களில் இதில் வந்து முடிந்தது.

பின்னணி: திருப்பூர் வட்டாரத்தின் உற்பத்தி முறை

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் ஓர் ஊருக்குள் அடங்குவதன்று. திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், கோவை, ஈரோடு, இராசபாளையம் முதலிய பகுதிகளின் நூற்பாலைகளில் நூலாகும் பருத்தி, திருப்பூருக்கு வந்து வட்டப் பின்னல் இயந்திரங்களில் துணியாகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பி, வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, பிசிறு வெட்டி, செக்கிங் முடிந்து, இஸ்திரி போட்டுப் பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொரு படியும் பெரும்பாலும் ஒவ்வொரு முதலாளியிடம் நடக்கிறது. 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் அளவில் இருந்தது. பெரிய நிறுவனங்கள் நூற்பு முதல் தையல் வரை அனைத்தையும் தம் கையில் வைத்துக்கொண்டு, ஆலைகளைத் திருப்பூருக்கு வெளியே, ஊர்ப்புறங்களில் இருந்து பெண்கள் எளிதில் வேலைக்கு வரக்கூடிய இடங்களில் அமைத்தன.

இவ்வட்டாரத்துக்குத் தொழிற்சங்க வரலாறு உண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பிறகு வேலை சிறு சிறு கூடங்களுக்கும் 'பவர் டேபிள்' எனப்படும் ஒப்பந்தத் தையல் கூடங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுவது பெருகியது. ஏற்றுமதி வளர வளர, தையல் வரிசைகளில் பெண்களின் எண்ணிக்கையும் வளர்ந்தது. ஆனால் சங்கங்களின் தலைமையில் ஆண்களே இருந்தனர். பேச்சுவார்த்தை மேசையில் கூலி உயர்வும் பஞ்சப்படியும் போனசும் பேசப்பட்டன. ஒரு பெண் தன் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்றை அந்த மேசைக்குக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை.

தையல் வரிசையும் மேற்பார்வையாளரின் அதிகாரமும்

உடன்படிக்கையைப் புரிந்துகொள்ள, 'லைன்' என்று தொழிலாளர்கள் சொல்லும் தையல் வரிசையின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். ஒரு சட்டையை ஒருவரே முழுவதும் தைப்பதில்லை. ஒருவர் தோளை இணைப்பார். அடுத்தவர் கையை ஏற்றுவார். இன்னொருவர் பிளாட்லாக் இயந்திரத்தில் அடிமடிப்பு அடிப்பார். மணிக்கு எத்தனை உருப்படி என்பது வரிசையின் தலைமாட்டில் உள்ள பலகையில் எழுதப்படும். முன்னிருப்பவர் தாமதித்தால் பின்னிருப்பவர் சும்மா இருக்க வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் வரிசையின் மேற்பார்வையாளர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் வரிசையில் உள்ளவர்களிடம் சத்தம் போடுவார்.

யார் எந்த இயந்திரத்தில் உட்கார வேண்டும், யாருக்கு விடுப்பு, யார் மிகைநேரம் நிற்க வேண்டும், யார் எப்போது கழிப்பறைக்குப் போகலாம் என்ற சிறு முடிவுகள் யாவும் அந்த ஒரு மனிதரின் கையில் இருக்கின்றன. பெரும்பாலான ஆலைகளில் தைப்பவர்கள் பெண்கள், மேற்பார்ப்பவர்கள் ஆண்கள். தைப்பவர் தலித் சமூகத்தவராகவும் மேற்பார்ப்பவர் ஆதிக்க சாதியினராகவும் இருந்தால் இடைவெளி இரட்டிப்பாகிறது. வசைச்சொல்லில் தொடங்குவது, கையைத் தொடுவதாகவும், தொலைபேசி எண் கேட்பதாகவும், மறுத்தால் இலக்கைக் கூட்டுவதாகவும் படிப்படியாக ஏறக்கூடியது. புகார் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும்; அதற்கும் அவருடைய அனுமதியே தேவை. இதை ஒரு வடிவமைப்புப் பிழை என்று சொல்லலாம். பிழை எந்தப் பாகத்தில் நிகழ்கிறதோ, அதைத் தெரிவிக்கும் வழியும் அதே பாகத்தின் ஊடாகவே போகிறது.

சுமங்கலித் திட்டம்

இவ்வட்டார ஆலைகளுக்குப் பெண்கள் எவ்வாறு வந்தனர் என்பதும் இதனோடு தொடர்புடையது. 1990-களின் பிற்பகுதியிலும் 2000-களிலும் பல நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்', 'திருமகள் திருமணத் திட்டம்' போன்ற பெயர்களில் பதின்பருவப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தன. பெண்கள் ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்றும், அது திருமணச் செலவுக்கு உதவும் என்றும் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். அந்த வழக்கத்தையே விளம்பரமாக்கி ஆள்சேர்த்த திட்டம் இது என்பது கவனிக்கத்தக்கது. இடையில் நின்றுவிட்டால் மொத்தத் தொகையை இழக்க நேரிடும் என்பதால், என்ன நடந்தாலும் பொறுத்துக்கொள்ளும் நிலை உருவானது.

நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட ஆய்வறிக்கைக்குப் பின் வெளிநாட்டு வாங்குநர்கள் இத்திட்டத்தைக் கண்டித்தனர். பெயர் மெல்ல மறைந்தது, விடுதிகள் மறையவில்லை. பின்னர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலப் பெண்களும் அவற்றில் தங்கத் தொடங்கினர். அவர்களுக்கு மொழியும் ஒரு தடை.

சட்டம் இருந்தும்

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. இராசத்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற கிராம ஊழியர் ஒருவர் மீது நடத்தப்பட்ட வன்முறையின் தொடர்ச்சியாக எழுந்த விசாகா வழக்கில், உச்ச நீதிமன்றம் 1997-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை சட்டமாவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் 3 மாதத்துக்குள் எழுத்து வடிவில் புகார் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். நிறுவனம் ஏற்பாடு செய்யும் போக்குவரத்து ஊர்தியும் இச்சட்டத்தில் பணியிடமாகவே கொள்ளப்படும்.

நடைமுறையில் இடர்ப்பாடு குழுவின் அமைப்பில் இருக்கிறது. குழுவை அமைப்பது முதலாளி. தலைவராக அமர்வது அவரிடம் சம்பளம் வாங்கும் மூத்த ஊழியர். வெளியாளைத் தேர்வதும் நிர்வாகம். குழு உறுப்பினர்களின் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கலாம். ஆனால் தையல் வரிசையில் இருக்கும் ஒருவர், எழுதப் பழக்கமில்லாத ஒருவர், அவர்களில் யாரையும் நேரில் பார்த்திருக்க வேண்டுமென்பதில்லை. வெளிநாட்டு வாங்குநர்கள் அனுப்பும் 'சமூகத் தணிக்கை'யும் இக்குறையை நிரப்பவில்லை. தணிக்கையாளர் வரும் நாள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். தீயணைப்புக் கருவியை எண்ணிவிடலாம். நிர்வாகத்தின் முன்னால் ஒரு பெண் சொல்லாமல் விடுவதை எண்ண முடியாது.

சங்கம்

தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் 2013-இல் உருவானது. எந்த அரசியல் கட்சியையும் சாராதது; பெரும்பான்மை உறுப்பினர்கள் தலித் பெண்கள். உடன்படிக்கை ஏற்பட்ட காலத்தில் இதன் தலைவராக இருந்தவர் திவ்யா ராகினி. உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 11,000 எனச் சங்கம் தெரிவித்துள்ளது.

இவ்வட்டாரத்தில் பெண்களைச் சங்கமாகத் திரட்டுவோர் ஆலை வாயிலில் கொடி நட்டுத் தொடங்குவது அரிது. சங்கத்தில் சேர்ந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருப்பதால், ஊரிலும் குடியிருப்பிலும் வார விடுமுறையில்தான் கூட முடியும். அங்கே கூடும் பெண்கள் ஆலையில் நடந்ததை மட்டும் பேசுவதில்லை. கணவனின் குடி, அடி, வட்டிக் கடன், மகளின் பள்ளி, ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிப்பதில் வரும் சாதித் தகராறு ஆகிய அனைத்தும் அதே பேச்சில் வரும். தொழிற்சங்கத்துக்கும் பெண்கள் உதவி அமைப்புக்கும் இடையே கோடு கிழிக்க முடியாத நிலை இது. ஆண்கள் நடத்திய பழைய சங்கங்களிலிருந்து இந்தச் சங்கம் வேறுபடுவதும் இங்குதான்.

2021 கொலையும் அதன் பின்னரும்

2021 சனவரியில், ஈஸ்ட்மேன் குழுமத்துக்குச் சொந்தமான நாச்சி அப்பேரல் என்னும் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர், சங்க உறுப்பினர். அவர் பணிபுரிந்த ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். கொலைக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அவர் தொந்தரவு கொடுத்துவந்தார் என்று குடும்பத்தினரும் உடன் பணிபுரிந்தோரும் கூறினர்.

இதற்குப் பின் அதே ஆலையின் மற்றப் பெண்களும் தாங்கள் எதிர்கொண்ட வசையையும் தொடுதலையும் மிரட்டலையும் சங்கத்திடமும் செய்தியாளரிடமும் சொல்லத் தொடங்கினர். இறந்தவர் பெயரால் நீதி கோரும் இயக்கம் எழுந்தது. அதன் கோரிக்கை ஒரு குற்றவாளிக்குத் தண்டனை என்பதோடு நிற்கவில்லை. குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. அடுத்த பெண்ணின் முதல் புகாரைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதே சங்கத்தின் வாதமாக இருந்தது. குடும்பத்துக்கு இழப்பீடும், ஆலையின் புகார் முறையில் மாற்றமும் கோரப்பட்டன.

சங்கத்துக்குத் துணையாக ஆசியத் தரைக்கூலிக் கூட்டமைப்பும், அமெரிக்காவைச் சேர்ந்த குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் நின்றன. தொழிலாளர் உரிமைக் கூட்டுக்குழு என்னும் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு ஆலையில் தனியே விசாரணை நடத்திப் பாலினத் துன்புறுத்தலைப் பதிவு செய்தது. இந்த ஆலையின் ஆடைகளை வாங்கிய நிறுவனங்களின் பெயர்கள் வெளிவந்தபின் அவற்றின் மீதும் அழுத்தம் கூடியது. வாங்குநர் ஆணையை நிறுத்திவிட்டு வேறு ஆலைக்குப் போய்விட்டால் அவருடைய பெயர் காப்பாற்றப்படும். வேலை போவது பெண்களுக்கு. ஆகவே, போகாமல் இருந்து திருத்துங்கள் என்று சங்கம் கேட்டது. பொதுவாகப் புறக்கணிப்பைக் கோரும் இயக்கங்களிலிருந்து இது மாறுபட்டது.

ஒப்பந்தத்தின் அமைப்பு

சுவீடனின் எச் அண்ட் எம் நிறுவனம் முதலில் கையெழுத்திட்டது. பின்னர் அமெரிக்காவின் கேப் நிறுவனமும், கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் ஆகிய வணிகப் பெயர்களின் உரிமையாளரான பி.வி.எச். நிறுவனமும் இணைந்தன. ஒருபுறம் சங்கத்துக்கும் ஈஸ்ட்மேனுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். மறுபுறம் சங்கமும் அதன் துணை அமைப்புகளும் வாங்குநரோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள். ஈஸ்ட்மேன் தன் கடமையை மீறினால், வாங்குநர் வணிக அளவில் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர். இந்த இணைப்பில்தான் உடன்படிக்கையின் வலு இருக்கிறது. நன்னடத்தை விதி என்ற பெயரில் வாங்குநர்கள் தாமே எழுதித் தாமே கைவிடக்கூடிய ஆவணங்கள் பல உண்டு. இதில் அவர்களும் வழக்குக்கு உட்பட்ட ஒப்பந்ததாரர்கள்.

குழுமத்தின் தையல் ஆலையும் நூற்பாலையும் சேர்த்து 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன் கீழ் வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பாலின வன்முறையோடு சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றின் பேரில் காட்டப்படும் பாகுபாடும், சங்க உரிமையும் வரம்பில் சேர்க்கப்பட்டன.

நடைமுறையில் முதன்மையான மாற்றம், தொழிலாளர்களிலிருந்தே சங்கம் தேர்ந்தெடுத்த பணித்தளக் கண்காணிப்பாளர்கள் ஆவர். இவர்களும் அதே வரிசையில் தைப்பவர்கள், பயிற்சி பெற்றவர்கள். ஒரு பெண் எழுத்து வடிவில் எதையும் தரத் தேவையில்லை; பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரிடம் மதிய உணவு வேளையில் சொன்னால் போதும். அவர் நிர்வாகத்துடன் நடக்கும் கூட்டத்தில் அதை எடுத்துவைப்பார். வசைச்சொல் போன்ற தொடக்க நிலைச் செயல்கள் அங்கேயே தீர்க்கப்படும். கடுமையானவை உள்ளகக் குழுவுக்கும், சுதந்திரமான மதிப்பீட்டாளருக்கும் போகும். உள்ளகக் குழுவில் நிர்வாகத்தைச் சாராத வல்லுநர் சேர்க்கப்பட்டார். 2013 சட்டத்தின் குழு அகற்றப்படவில்லை, சரிசெய்யப்பட்டது. புகார் தந்தவரைப் பழிவாங்குவது ஒப்பந்த மீறலாகும்.

இதன் பின்னே ஆசியத் தரைக்கூலிக் கூட்டமைப்பு வகுத்த 'பாதுகாப்பு வட்டம்' என்ற கருத்து இருக்கிறது. வன்முறை திடீரென்று கொலையாக வெடிப்பதில்லை, ஏணிப்படி போல் ஏறுகிறது. முதற்படியிலேயே தடுத்தால் மேற்படிக்குப் போகாது என்பது அதன் சாரம். மேற்பார்வையாளரையும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்து, இலக்கின் அழுத்தத்தை வசையாக மாற்றாமல் வேலை வாங்கப் பழக்குவதும் அதில் அடங்கும்.

அமெரிக்கத் தடையும் விலக்கும்

2022 சூலை 29 அன்று, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, நாச்சி அப்பேரல் ஆடைகளைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க அமெரிக்கச் சுங்கத்துறை ஆணையிட்டது. உடன்படிக்கை ஏற்பட்டு நான்கு மாதம்கூட ஆகாத நேரம் அது. திருத்த நடவடிக்கைகள் சான்றுகளுடன் முன்வைக்கப்பட்டதால் செப்டம்பர் 7 அன்று ஆணை மாற்றப்பட்டு இறக்குமதி அனுமதிக்கப்பட்டது. இத்தகைய ஆணைகள் நீங்க வழக்கமாக ஆண்டுக்கணக்கில் ஆகும். இது ஆறு வாரத்தில் நீங்கியது. தொழிலாளர் சங்கத்தோடு கையெழுத்திட்ட தாள் ஒன்று ஏற்றுமதியாளரின் சரக்கை மீட்டுத் தந்தது என்பதைத் திருப்பூரின் மற்ற முதலாளிகள் எவ்வளவு தூரம் கவனித்தார்கள் என்பது தனிக் கேள்வி.

முதலாண்டு விளைவுகள்

2023-இல் வெளியான முதலாண்டு முன்னேற்ற அறிக்கையின்படி, இம்முறையின் வழியே 185 குறைகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் 182 தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் முடிந்தன.

இவ்வெண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். புகார்கள் குறைவாக உள்ள ஆலை நல்ல ஆலை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பல ஆலைகளின் உள்ளகக் குழு ஆண்டறிக்கையில் புகார் எண்ணிக்கை சுழியம் என்றே இருக்கும். அந்தச் சுழியத்துக்கு, அங்கே எதுவும் நடக்கவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், எவரும் வாய்திறக்கவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். 185 என்ற எண்ணில் பேருந்து, உணவு, விடுப்பு பற்றிய சிறு குறைகளும் அடங்கும். விடுப்பு மறுக்கப்பட்டதைச் சொல்லிப் பழகிய வாய்தான் பின்னொரு நாள் பெரிய ஒன்றையும் சொல்லும் என்பதால் அவற்றையும் சேர்த்து எண்ணுவதே சரி.

வீட்டு வன்முறையுடனான தொடர்பு

உடன்படிக்கையின் நேரடி வரம்பு பணியிடமும் அதைச் சார்ந்தவையுமே. ஆனால் வன்முறை ஆலைக் கதவில் தொடங்கி ஆலைக் கதவில் முடிவதில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள்; அன்று வாயிலில் காத்திருக்கும் கணவன்மார் அனைவரும் துணையாக வந்தவர்கள் அல்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வரும் பெண்ணைச் சந்தேகப்பட்டு அடிப்பதும், ஆலையில் ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று வீட்டில் சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்களோ என்று அவள் மறைப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 சூனில் ஏற்றுக்கொண்ட 190-ஆவது உடன்படிக்கை இதை வெளிப்படையாக ஏற்கிறது. வேலையுலகின் மீது வீட்டு வன்முறைக்கு இருக்கும் தாக்கத்தை அரசுகள் உணர்ந்து, இயன்ற வரை அதைக் குறைக்க வேண்டும் என்கிறது. உடன்வந்த 206-ஆவது பரிந்துரை, பாதிக்கப்பட்டவருக்கு விடுப்பு, நெகிழ்வான வேலைநேரம், வேலைநீக்கத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைச் சொல்கிறது. இது 2021 சூன் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 வரை இந்தியா இதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை.

இந்தியாவில் இதற்கான சட்டம் வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி உதை மட்டுமன்றி, சம்பளத்தைப் பறிப்பதும், வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும், இழிவாகப் பேசுவதும் இச்சட்டத்தில் வன்முறையே. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமோ, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்திடமோ நடந்ததைச் சொன்னால் அவர்கள் சம்பவ அறிக்கை எழுதுவார்கள். குற்றவியல் நடுவர் பாதுகாப்பு ஆணையும், வீட்டிலேயே வசிக்கும் உரிமைக்கான ஆணையும், பணநிவாரண ஆணையும் பிறப்பிக்கலாம். மனு வந்த மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிவு என்பது சட்டம் காட்டும் குறிக்கோள். நடைமுறையில் இது பெரும்பாலும் நீள்கிறது. தமிழ்நாட்டில் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களும், 2018 முதல் 181 என்ற மகளிர் உதவி எண்ணும், மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்களும் நாடக்கூடிய இடங்கள்.

தினக்கூலிக்காரருக்கு இவற்றில் ஒவ்வொன்றும் ஒருநாள் சம்பளம். காவல் நிலையத்துக்கு ஒருநாள், அலுவலருக்கு ஒருநாள், நீதிமன்ற வாய்தாவுக்குப் பல நாள். விடுப்புக் கேட்க வேண்டியது அதே மேற்பார்வையாளரிடம். விடுப்புக்கான காரணத்தை அச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒருவர் வரிசையிலேயே இருப்பது, வீட்டிலிருந்து தப்பிக்க முயலும் பெண்ணுக்கும் உதவியே. வேலையும் கூலியும் கையில் இருக்கும் வரைதான் அவளால் வீட்டை விட்டு வெளியேறுவதைப் பற்றி எண்ண முடியும்.

முன்னோடிகள்

2013 ஏப்பிரல் 24 அன்று வங்காளதேசத்தின் இராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த சில ஆலைகள் முன்னரே சமூகத் தணிக்கைக்கு உள்ளானவை. அடுத்த மாதமே வாங்குநர்களும் சங்கங்களும் செய்துகொண்ட கட்டட, தீப் பாதுகாப்பு உடன்படிக்கை, வாங்குநரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முறைக்கு வழிகாட்டியது. பாலின வன்முறைக்கு அம்முறையைப் பயன்படுத்தியது ஆப்பிரிக்காவின் லெசோத்தோ. அங்கு ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில் வேலை நீடிக்க வேண்டுமானால் மேற்பார்வையாளருக்கு இணங்க வேண்டும் என்ற நிலை வெளிப்பட்டபின், லீவைஸ் உள்ளிட்ட மூன்று வாங்குநர்கள் 2019-இல் சங்கங்களுடனும் பெண்கள் அமைப்புகளுடனும் ஒப்பந்தம் செய்தனர். திண்டுக்கல்லில் புதிதாகச் சேர்ந்தது சாதி. வேறெங்கும் எழுதப்பட்ட மாதிரியை அப்படியே எடுத்திருந்தால் அது விடுபட்டிருக்கும்.

விமர்சனங்கள்

உடன்படிக்கை ஒரே ஒரு குழுமத்தின் ஆலைகளைத் தழுவியது. திருப்பூரின் பவர் டேபிள்களிலும், சாயப்பட்டறைகளிலும், வெளிநாட்டு வாங்குநரே இல்லாத உள்நாட்டுப் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்வோருக்கு இந்த வழி திறக்கவில்லை. அங்கே நெருக்குவதற்குப் பெயர்பெற்ற வணிகச்சின்னம் எதுவும் கிடையாது; அரசின் ஆய்வாளர்தான் போக வேண்டும்.

இலக்கைக் கூட்டும் அழுத்தம் ஆலையில் தொடங்குவதில்லை என்பது மற்றொரு விமர்சனம். குறைந்த விலை, குறுகிய கெடு என்று கேட்பவர் வாங்குநர். ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது வரிசையில் சத்தம் கூடுகிறது. வன்முறையைத் தடுக்க ஒப்புக்கொண்ட வாங்குநர் உருப்படிக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதைப் பேசாமல் விடுவது அரைவேலை என்று தொழிலாளர் அமைப்புகள் கூறுகின்றன.

மூன்றாவது, ஆணைகளைச் சார்ந்திருக்கும் தன்மை. வாங்குநர் ஆணை கொடுக்கும் வரைதான் அவர் சொல்லுக்கு ஆலையில் மதிப்பு. 2025 ஆகத்து 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரின் அமெரிக்க ஆணைகள் பல நிறுத்திவைக்கப்பட்டன. பல ஆலைகளில் வேலைநாட்கள் குறைந்தன. அத்தகைய நேரத்தில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவோர் நிரந்தரமற்ற பெண் தொழிலாளர்களே. பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் வேலையிழந்து ஊர் திரும்பினால், அவருடைய வரிசைக்கு வேறொருவரைத் தேர்ந்து மீண்டும் முதலிலிருந்து பயிற்றுவிக்க வேண்டியிருக்கும்.